70 வளைவுகளுக்கு மேலே ஓர் அவசரம்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. சுற்றுலா வருகிறவர்கள் அந்தப் பலகைகளோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதே சாலையில்தான் பிரசவ வலியோடு ஒரு பெண்ணும், பாம்பு கடித்த ஒரு விவசாயியும் 108 வண்டியில் இறங்குகிறார்கள். மலைமேல் செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களும் துணை சுகாதார நிலையங்களும் இருக்கின்றன. ஆனால் பெரிய அறுவை சிகிச்சை என்றாலோ, செயற்கை சுவாசக் கருவி தேவை என்றாலோ, மலையை விட்டு இறங்கியே ஆக வேண்டும்.

அவசர சிகிச்சைப் பயிற்சிகளில் சொல்லித் தருவதன் சாரம் இதுதான்: உயிரைப் பிடித்து நிறுத்து, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. சமவெளியில் இந்த இரண்டுக்கும் நடுவே அதிக நேரம் ஆவதில்லை. மலையில் அந்த இடைவெளிதான் ஆளைக் கொல்கிறது. ஆகவே கொல்லிமலையில் வேலை பார்க்கும் செவிலியருக்கும், கிராம சுகாதார செவிலியருக்கும், சுகாதார ஆய்வாளருக்கும், 108 வண்டியின் மருத்துவ உதவியாளருக்கும் சமவெளியில் இருப்பவர்களைவிடக் கூடுதலான பயிற்சி தேவைப்படுகிறது. நடைமுறையில் தொலைவில் இருப்பவர்களுக்குத்தான் பயிற்சி குறைவாகப் போய்ச் சேர்கிறது. மூன்று பேர் மாறி மாறிப் பார்க்கும் வேலையில் ஒருவர் இரண்டு நாள் பயிற்சிக்குக் கீழே போனால் மேலே யார் பார்ப்பது?

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷத்தை வைத்து அதைத் தயாரிக்கிறார்கள். மருந்து கையில் இருந்தால் மட்டும் போதாது. போட வேண்டுமா என்று தெரிய வேண்டும்.

அதற்கு ஆய்வகமே தேவையில்லாத ஒரு சோதனை உண்டு. நோயாளியின் நரம்பிலிருந்து இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, உலர்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் தொடாமல் வைக்க வேண்டும். பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் வழிந்தால் கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் போன்றவற்றின் விஷம் ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாய் உதவாது, சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் ஏமாற்றிவிடும். நடுவில் யாராவது எடுத்து ஆட்டிப் பார்த்தால் சோதனை வீண். இவ்வளவு எளிய காரியத்தில் இத்தனை இடங்களில் தவற முடியும் என்பதால்தான் படித்தால் போதாது, கையால் செய்து பழக வேண்டும் என்கிறார்கள். கடிபட்ட இடத்துக்கு மேலே வீட்டார் இறுக்கிக் கட்டிய கயிற்றையும் பதறிப் போய் அறுத்துவிடக் கூடாது. மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு, கண்காணித்தபடி மெல்லத் தளர்த்த வேண்டும். இன்னொன்று: கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் வாழும் மூங்கில் குழிவிரியனின் விஷத்துக்கு இந்த மருந்து கேட்காது. மலையில் வேலை செய்கிறவருக்கு அதுவும் தெரிந்திருக்க வேண்டும்.

கட்டுவிரியன் கதை வேறு. தரையில் படுத்துத் தூங்குகிறவரை இரவில் கடிக்கும். பல நேரம் வலியே தெரியாது. விடியும்போது இமை சரியும், பேச்சு குழறும், மூச்சுத் தசைகள் தளரும். அப்போது ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை ஆம்பு பையை அழுத்தி ஒருவர் மூச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், 70 வளைவுகளிலும், உடல் ஒரு பக்கம் சாயும்போதும், முகமூடி நழுவாமல். மேசைமேல் கிடக்கும் பொம்மையில் அரை மணி நேரம் பழகியவரால் இதைச் செய்துவிட முடியும் என்று நம்புவது சரியல்ல. மலைப் பணியாளர்களுக்கு ஓடும் வண்டியிலேயே இந்தப் பயிற்சியைத் தர வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழக அரசு 2024 நவம்பரில் அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. ஒவ்வொரு கடியும் இனி கணக்கில் வர வேண்டும். எந்த ஊரில், எந்த மாதத்தில் கடி அதிகம் என்பது தெரிந்தால் மருந்தை எங்கே வைப்பது என்பதும் தெரியும்.

பழகிய கை மறந்தும் போகும். இதய இயக்க மீட்பு போன்ற திறன்கள் பயிற்சி முடிந்த சில மாதங்களிலேயே மங்கத் தொடங்குவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. பிறந்த குழந்தை அழவில்லை என்றால் முதல் ஒரு நிமிடத்துக்குள் மூச்சுக் கொடுக்கத் தொடங்க வேண்டும். அந்த நேரத்தில் பழைய குறிப்பேட்டைப் புரட்ட முடியாது. ஆண்டுக்கொரு பெரிய வகுப்பைவிட, பணியிடத்திலேயே மாதாமாதம் கால்மணி நேர ஒத்திகை மலைக்குப் பொருந்தும்.

ஆடி 17, 18-இல் வல்வில் ஓரி விழாவுக்கு மலை நிறைந்துவிடுகிறது. அந்த நேரத்தில் ஒரு வேன் கவிழ்ந்தால் ஒரே சமயத்தில் பத்துப் பதினைந்து பேர் வந்து சேர்வார்கள். அப்போது சிகிச்சைக்கு முன் தரம் பிரிக்க வேண்டும். 1980-களில் கலிபோர்னியாவில் உருவாக்கி, இன்று பல நாடுகளில் பின்பற்றும் முறையில் ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்வதில்லை. நடக்க முடிகிறதா, நிமிடத்துக்கு 30-க்கு மேல் மூச்சு வாங்குகிறதா, நாடி இருக்கிறதா, சொன்னதைச் செய்கிறாரா என்று பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை அட்டை கட்டுகிறார்கள். இதில் மனத்துக்குக் கடினமானது, உரக்க அலறுகிறவரை விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் கிடப்பவரிடம் போவது. அவர்தான் பெரும்பாலும் சிவப்பு, முதலில் கவனிக்க வேண்டியவர். முன்னமே பழகாதவர் சத்தம் வரும் பக்கமே ஓடுவார்.

சாலையே இல்லாமல் போகும் நாளும் வரலாம். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையை நிலச்சரிவு மூடியபோது இடையிலிருந்த பாலமும் அடித்துச் செல்லப்பட்டது. கொல்லிமலையிலும் கனமழைக்கு மண் சரிகிறது. அப்படிப்பட்ட நாளில் காயத்துக்கு அடுத்தபடி தண்ணீர்தான் ஆபத்து. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்தில் பெரிய கொள்ளைநோய் எதுவும் வெடிக்கவில்லை. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த சுகாதார ஆய்வாளர்கள் தொட்டி தொட்டியாகக் குளோரின் கலந்து சோதித்ததும், முகாம்களில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டதும் அதற்குப் பெரிய காரணங்கள். அவர்கள் அன்றாடம் செய்து பழகிய வேலை அது. மலையில் வழி அடைபட்டால் வெளி ஆட்கள் வர நாளாகும். உள்ளே இருப்பவர்களே அத்தனையும் செய்ய வேண்டும்.

எல்லா ஆயத்தமும் விபத்துக்குப் பிறகு தொடங்குவதில்லை. எந்தச் சிற்றூரில் யாருக்குப் பேறுகாலம் நெருங்குகிறது என்பது கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் இருக்கிறது. தமிழகத்தின் மலைப் பகுதிகளில் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறைகள் இருக்கின்றன. குறித்த நாளுக்கு முன்பே கர்ப்பிணி வந்து, துணைக்கு ஒருவரோடு அங்கே தங்கிக்கொள்ளலாம். ஐப்பசி மழை தொடங்குமுன் அந்தப் பதிவேட்டைப் பார்த்து வீடு வீடாகப் போய்ப் பேசி அழைத்து வருவதும் பயிற்சியில் ஒரு பாடமாக இருக்க வேண்டும். வீட்டையும் ஆட்டையும் மாட்டையும் யார் பார்ப்பது என்று கேட்கும் மாமியாரிடம் என்ன சொல்வது என்பதும் சேர்த்து.