கண்ணாடித் தொட்டிக்குள் கடல்

துபாயில் வாழும் என் தங்கையின் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தோம். அவ்வீட்டுக் கூடத்தின் சுவரையொட்டி ஐந்தடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. வண்ண மீன் தொட்டிகளை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். இதுவோ உப்பு நீர்த் தொட்டி. நீல ஒளியில் பவளக் கிளைகள் விரிந்து நின்றன. அவற்றின் நுனியில் ஊசிமுனை போன்ற சிறு வாய்கள் அலைக்கேற்ப அசைந்தன. மச்சான் அவற்றில் ஒன்றைக்கூடக் கடலிலிருந்து எடுக்கவில்லை. பிறர் தொட்டிகளில் வளர்ந்த பவளங்களிலிருந்து விரல் நீளத்துக்கு நறுக்கிய துண்டுகளை வாங்கி, நான்கு ஆண்டுகளாக வளர்த்திருந்தார். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன் அந்த வாரம் முழுவதும் அத்தொட்டியின் முன்னேதான் உட்கார்ந்திருந்தான். சென்னை வந்திறங்கியதும் அவன் கேட்ட முதற் கேள்வி, "வாப்பா, நம்ம வீட்டுலயும் இதுமாதிரி ஒண்ணு வைக்கலாமா?" என்பதுதான்.

வைத்தோம், ஒரே வாரத்தில் தோற்றோம்.

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டியை வாங்கினேன். கடைக்காரர் ஓர் உப்புப் பையைக் கொடுத்து, "கரைச்சு ஊத்துங்க பாய், ரெண்டு நாள் கழிச்சு மீனை விட்டுடலாம்" என்றார். மூன்றாம் நாள் நான்கு சிறிய நீல மீன்களை விட்டோம். நீர் பளிங்குபோல் தெளிந்திருந்தது. நான்காம் நாள் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து மூச்சுத் திணறியது. வார முடிவில் நான்கும் மாண்டன. மகன் அவற்றைப் பூந்தொட்டி மண்ணில் புதைத்துவிட்டு இரண்டு நாட்கள் என்னோடு சரியாகப் பேசவில்லை. செலவான பணம் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அந்த மௌனந்தான் உறுத்தியது. அபூஉமைர் என்னும் சிறுவர் வளர்த்த சின்னஞ்சிறு பறவையைப் பற்றி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்போடு விசாரித்ததை நாமறிவோம். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணுக்கு நேர்ந்ததையும் நாமறிவோம். அறியாமல் கொன்றாலும் உயிர் உயிர்தானே? அதன்பிறகே படிக்கத் தொடங்கினேன். முதலில் செய்திருக்க வேண்டியதை இரண்டாவதாகச் செய்தேன்.

அம்மீன்களைக் கொன்றது அவற்றின் கழிவே. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. பரந்த கடலில் அது கரைந்து போகும். நூற்றைம்பது லிட்டர் நீரில் எங்கே போகும்? கண்ணுக்குத் தெரியாது, நீரின் நிறத்தையும் மாற்றாது. இயற்கையில் ஒருவகை நுண்ணுயிர்கள் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. வேறொரு வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகின்றன. இது பெரிதும் தீங்கற்றது. அவ்வப்போது நீரை மாற்றி இதைக் குறைத்துக்கொள்ளலாம். இந்நுண்ணுயிர்கள் கல்லின் துளைகளிலும் மணலிலும் குடியேறிப் பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நானோ அடித்தளம் காயும் முன்னரே குடிவைத்துவிட்டேன்.

இரண்டாம் முயற்சியை ஷஃபான் மாதத் தொடக்கத்தில் ஆரம்பித்தோம். கல்லும் மணலும் உப்பு நீரும் மட்டுமே கொண்ட தொட்டியில், சமையலறையிலிருந்து ஓர் இறால் துண்டை எடுத்துப் போட்டேன். அது அழுகி அமோனியா உண்டாக வேண்டும். அதை உண்டு நுண்ணுயிர்கள் பெருக வேண்டும். "மீனே இல்லாத தொட்டிக்குத் தீனியா?" என்று வீட்டில் சிரித்தார்கள். சோதனைச் சொட்டு மருந்தைச் சிறு குழாய் நீரில் விட்டு, நிறத்தைப் பார்த்து, மகன் ஒரு நோட்டில் நாள்தோறும் எழுதி வந்தான். இரண்டாம் வாரத்தில் அமோனியா உச்சத்தை எட்டியது. பிறகு அது இறங்க, நைட்ரைட் ஏறியது. இடையில் கல்லும் மணலும் பழுப்பு நிறப் பாசியால் மூடிக்கொண்டன. "எல்லாம் கெட்டுப்போச்சு" என்று மகன் கலங்கினான். புதிய தொட்டிகள் யாவற்றுக்கும் வரும் பருவம் அது; தானே போய்விடும். நோன்பின் மூன்றாம் பத்தில் இரண்டு அளவுகளும் சுழியத்துக்கு வந்து அங்கேயே நின்றன. பெருநாள் கழிந்த மறு வாரந்தான் மீனை விட்டோம்.

நீரிலுள்ள நஞ்சைக் கல்லே நீக்கும் என்பதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங். நுண்ணுயிர்கள் நிறைந்த கடற்கல்லையும் காற்றுக் குமிழையும் மட்டும் கொண்டு கடல் மீன்களையும் பவளங்களையும் வளர்த்த தம் முறையை 1961-ஆம் ஆண்டில் அவர் எழுதி வெளியிட்டார். பின்னர் ஜெர்மனியின் பெர்லின் நகர ஆர்வலர்கள் அம்முறையோடு கடும் ஒளியையும் நுரை பிரிக்கும் கருவியையும் சேர்த்தனர். இன்று வீடுகளில் உள்ள பவளத் தொட்டிகள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவையே. அலை மோதும் கரையில் நுரை ஒதுங்குவதைக் கண்டிருப்பீர்கள். நீரிலுள்ள கழிவுகள் குமிழில் ஒட்டிக்கொண்டு வெளியேறுகின்றன. அதையேதான் அந்தக் கருவியும் செய்கிறது. அதன் கிண்ணத்தில் சேரும் பழுப்பு நீரை முகர்ந்து பார்த்தால், தொட்டிக்குள் என்ன இருந்திருக்கும் என்பது விளங்கும்!

இனி நீரைப் பற்றி. சமையல் உப்பு ஆகாது. கடல் நீரில் சோடியமும் குளோரினும் மட்டுமன்றி மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலிய பலவும் இருக்கின்றன. அதற்கென விற்கும் கலவை உப்பே வேண்டும். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. எங்கள் தொட்டியில் கல்லும் மணலும் அடைத்த இடம் போக, சுமார் 160 லிட்டர் நீருக்கு ஆறு கிலோ உப்பு பிடித்தது. குழாய் நீரிலும் லாரி நீரிலும் குளோரின் முதல் செம்பு வரை எதுவும் இருக்கலாம். செம்பு மிகச் சிறிதளவு இருந்தாலும் இறாலும் நத்தையும் பவளமும் மாண்டுபோகும். ஆகவே வடிகட்டிச் சுத்திகரித்த நீரில்தான் உப்பைக் கரைக்க வேண்டும். "கடல் பக்கத்துலதானே இருக்கு, ரெண்டு குடம் மொண்டுட்டு வந்தா என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. நகரத்துக் கரையோர நீரில் சாக்கடையும் படகு எண்ணெயும் கலந்திருக்கும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இன்னொன்று உண்டு. தொட்டி நீர் நாள்தோறும் ஆவியாகிக் குறையும். குறைந்த அளவுக்கு உப்பு நீரை ஊற்றலாகாது. நல்ல நீரைத்தான் ஊற்ற வேண்டும். ஆவியாவது நீரே, உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. இதை உணராதவர் தொட்டி ஒரு மாதத்தில் கருவாட்டுப் பானையாகிவிடும்.

வளைகுடா நாட்டு வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் உள்ள பெரும் வேற்றுமை, அங்கே இரவும் பகலும் ஓடும் குளிர்சாதனம். பவளத்துக்கும் மீனுக்கும் 25, 26 டிகிரி வெப்பம் உகந்தது. நம் ஊரின் சித்திரை மாதத்தில் தொட்டி நீர் எளிதாக முப்பதைத் தாண்டும். வெப்பம் ஏற ஏற நீரில் உயிர்வளி குறையும். நீர்ப்பரப்பின்மேல் சிறு விசிறியை ஓடவிட்டால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். மீனுக்கு மட்டும் அது போதும். பவளம் வளர்க்க நினைப்போர் நீரைக் குளிர்விக்கும் இயந்திரத்துக்கும் மாதாமாதம் அதன் மின் கட்டணத்துக்கும் ஆயத்தமாக வேண்டும். மின்சாரம் நின்றால் அலை உண்டாக்கும் சிறு மோட்டாராவது இன்வெர்ட்டரில் ஓட வேண்டும். அதற்கு வழியில்லாதவர்கள் இவ்வாசையை ஒத்திப்போடுவதே நன்று என்பது என் கருத்து. சிலருக்கு இது கசக்கலாம்.

இப்போது கல்லுக்கு வருகிறேன். என் சொந்த ஊர் கீழக்கரை. நான் தொட்டி வைக்கும் செய்தி அறிந்த ஊர் உறவினர் ஒருவர், "கல்லுக்கா கஷ்டம்? ஒரு சாக்கு அனுப்பி வைக்கிறேன், பூவோட இருக்கும்" என்றார். பூ என்று அவர் சொன்னது உயிருள்ள பவளத்தை. வேண்டாம் என்றேன். அவருக்கு வருத்தந்தான்.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உண்டு. அவற்றைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட பவள இனங்கள் வாழ்கின்றன. கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்குமாக அங்கிருந்து பல ஆண்டுகள் பவளக்கல் வெட்டி எடுக்கப்பட்டது. அக்கரையோரத்துப் பழைய வீடுகள் பலவற்றின் சுவருக்குள் இன்றும் அந்தக் கல் இருக்கிறது. கூர்ந்து பார்த்தால் தேன்கூடு போன்ற துளைகள் தெரியும். இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001-இல் பாறை கட்டும் பவளங்கள், கடல் விசிறி, கடற்குதிரை ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றை நம் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகும். உயிருள்ளதோ காய்ந்ததோ, அலமாரி அழகுக்கோ தொட்டிக்கோ, சட்டம் ஒன்றே.

சட்டத்தை விட்டுவிட்டே பார்ப்போம். பவளம் என்பது பாறையன்று; கூட்டங்கூட்டமாக வாழும் சிற்றுயிர். அதன் உடலுக்குள் நுண்ணிய பாசி வாழ்கிறது. ஒளியில் உணவு சமைத்துப் பவளத்துக்கு ஊட்டுவது அப்பாசியே. நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் பாசி வெளியேற, பவளம் வெளுத்துப் பட்டினியால் மடிகிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இத்தகைய வெளுப்பு பெரிய அளவில் நேர்ந்தது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையத்தார் 2002 முதல் பவளத் துண்டுகளைக் கடலடியில் நட்டுப் பிழைக்க வைக்கப் பாடுபட்டு வருகின்றனர். ஒருபுறம் அவர்கள் துண்டு துண்டாக நட, மறுபுறம் நான் சாக்கில் வரவழைப்பதா?

இதில் பழைய பாடம் ஒன்றும் உண்டு. 1853-இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் கடல்வாழ் உயிர்களுக்கான முதல் பொதுக் காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்குத் துணைநின்ற பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கையறிஞர் மறு ஆண்டு எழுதிய நூலால், வீட்டுக்கு வீடு கடல் தொட்டி வைக்கும் மோகம் இங்கிலாந்தெங்கும் பரவியது. மக்கள் கடற்கரைப் பாறைக் குழிகளை வாரி வழித்தனர். தம் தந்தை நேசித்த அந்தக் கரைகள் அவருடைய நூல்களாலேயே வெறுமையானதை அவர் மகன் எட்மண்ட் காஸ், 1907-இல் வெளியான ‘தந்தையும் மகனும்’ என்ற நூலில் வேதனையோடு பதிவு செய்தார்.

எங்கள் தொட்டியில் இருப்பது செயற்கைக் கல். சுட்ட மண்ணாலும் சிமெண்டாலும் செய்து விற்கிறார்கள். சிமெண்டுக் கல்லாயின் பல வாரங்கள் நல்ல நீரில் ஊறவிட்டு, நீரை மாற்றி மாற்றிக் காரத்தைப் போக்க வேண்டும். பார்வைக்கு முதலில் வெறுமையாக இருந்தது. ஆறு மாதத்தில் ஊதாப் பாசி படர்ந்து கடற்கல் போலவே ஆகிவிட்டது.

துபாய்த் தொட்டியில் மச்சான் செய்யும் ஒரு வேலை இப்போது என் நினைவுக்கு வருகிறது. இரவில் சொட்டுச் சொட்டாகத் தெளிந்த சுண்ணாம்பு நீரைத் தொட்டியில் இறங்கவிடுவார். பவளம் தன் எலும்பைக் கட்ட அது உதவுகிறது. நம் கரையில் பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். அங்கே சுண்ணாம்பு கொடுத்துப் பவளம் வளர்க்கிறார்கள்!

மீனுக்கு வருவோம். கோமாளி மீன்கள் இரண்டு வாங்கினோம். இவை தொட்டியிலேயே முட்டையிட்டுப் பெருகுபவை. பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும், மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையமும் இவற்றைக் குஞ்சு பொரிக்க வைப்பதில் வெற்றி கண்டவை. கடலில் பிடித்ததை விட்டுத் தொட்டியில் பிறந்ததையே கேட்டு வாங்குங்கள். அது தீனிக்கும் கண்ணாடிக்கும் பழகியிருக்கும். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் கடல்களில் சயனைடு நஞ்சைத் தெளித்து மீனை மயக்கிப் பிடிக்கும் கொடிய வழக்கம் இருந்து வந்துள்ளது. அப்படிப் பிடிபட்டவை பார்க்க நன்றாயிருந்து பின்னர் மடியும். சினிமாவால் புகழ்பெற்ற நீல மீனைப் பிள்ளைகள் கேட்பார்கள். அது ஓரடி நீளம் வளரக்கூடியது. மூன்றடித் தொட்டியில் அதை விடுவது, குதிரையைக் குளியலறையில் கட்டுவதற்கு ஒப்பாகும். கோமாளி மீன்களைப் பற்றி இன்னொரு வியப்பு: எல்லாம் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறுகிறது. அது இறந்தால் அடுத்தது மாறும். மகன் இதைப் பள்ளியில் சொல்லி யாரும் நம்பவில்லையாம்.

வீட்டிலுள்ளோர் சில பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி இப்போது உள்ளறையில் மட்டுமே. கொசு மருந்து அடிப்பதை அறவே நிறுத்திவிட்டோம். அது மீனையும் இறாலையும் எளிதில் கொல்லும். கையில் அத்தரோ சவர்க்காரமோ இருந்தால் தொட்டிக்குள் கைவிடலாகாது. மின்கம்பி சுவரிலுள்ள இணைப்பை அடையுமுன் கீழே தொங்கி மேலேற வேண்டும். அப்போது வழியும் நீர் இணைப்புக்குள் போகாது. பவளம் வளர்ப்போருக்கு ஒன்று: பொத்தான் போன்ற சில மென்பவளங்களில் கடும் நஞ்சு உண்டு. வெறுங்கையால் தேய்க்கவோ, அவை ஒட்டிய கல்லை வெந்நீரில் போடவோ ஒருபோதும் கூடாது.

எங்கள் தொட்டியில் இன்னும் பவளம் இல்லை. இரண்டு கோமாளி மீன்கள், ஓர் இறால், ஐந்து நத்தைகள். நீரின் வெப்பத்தை ஒரு கோடை முழுவதும் நிலையாக வைத்திருக்க முடிகிறதா என்று பார்த்தபின் பேசிக்கொள்வோம் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன். வாங்குவதானாலும், இன்னொருவர் தொட்டியில் வளர்ந்தது என்பதற்கும், சட்டப்படி வந்தது என்பதற்கும் தாள் காட்டுபவரிடமே வாங்க வேண்டும் என்றும் சொன்னேன். அவன் தன் நோட்டில் அதையும் எழுதிக்கொண்டான். மகரிபுக்குப் பின் தொட்டிக்கு நல்ல நீர் ஊற்றுவது அவன் பொறுப்பு. நேற்று ஊற்றியது ஒன்றரை லிட்டர்.