காதால் படிக்கும் கோடிங்

டீயை வாங்கிக்கொண்டு உட்காருங்கள். இது நிதானமாகப் பேச வேண்டிய விஷயம். பார்வையில்லாத ஒரு பெண் பிளஸ் டூ முடித்துவிட்டு பிசிஏ சேரப்போகிறேன் என்று சொன்னால், வீட்டிலும் கல்லூரியிலும் முதலில் எழுகிற கேள்வி, "ஸ்கிரீனே தெரியாதேம்மா, புரோகிராம் எப்படி எழுதுவே?" என்பதுதான். கேட்பவர்கள் அக்கறையில்தான் கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் என்றாலே திரை என்று நம் எல்லோர் மனதிலும் பதிந்துபோயிருக்கிறது.

புரோகிராம் என்பது வெறும் எழுத்து. வரிவரியாகத் தட்டச்சு செய்த சொற்களும் எண்களும் குறிகளும். கணினியில் எழுத்தாக இருப்பதை ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருள் குரலாக வாசித்துவிடும். பிரெய்ல் டிஸ்ப்ளே வைத்திருந்தால் அதே வரி விரலுக்கடியில் புள்ளிகளாக எழும்பும். மவுஸ் தேவையில்லை, கீபோர்டு போதும். கணினியில் செய்கிற வேலைகளில் போட்டோவைத் திருத்துவது பார்வையில்லாதவருக்குக் கடினம். நிரல் எழுதுவது அந்த வரிசையில் வராது.

நம் ஊரில் பலர் பயன்படுத்துகிற ஸ்கிரீன் ரீடர் என்விடிஏ. காசு கொடுக்க வேண்டியதில்லை. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் இதை எழுதத் தொடங்கினார், நண்பர் ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருக்குமே பார்வை கிடையாது. விலை கொடுத்து வாங்க வேண்டிய ஸ்கிரீன் ரீடர்கள் அப்போது எளியவர்களுக்கு எட்டாத விலையில் இருந்தன. என்விடிஏயின் பெரும்பகுதி பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது, அதன் மூலநிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். "பார்வையில்லாதவர் புரோகிராம் எழுத முடியுமா?" என்று இனி யாராவது கேட்டால், அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் பேசிக்கொண்டிருக்கிற குரலையே பதிலாகக் காட்டலாம். இன்னொரு வசதியும் உண்டு. இன்செர்ட், கண்ட்ரோல், இசட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் என்விடிஏக்குள்ளேயே ஒரு பைத்தான் கன்சோல் திறக்கும். வேறெதையும் நிறுவாமல் முதல் வரியை அங்கேயே எழுதிப் பார்க்கலாம்.

ஆனால் எழுதத் தொடங்கும் முன் ஸ்கிரீன் ரீடரில் இரண்டு அமைப்புகளை மாற்றியாக வேண்டும். இதை யாரும் சொல்லித் தராததால்தான் பலர் ஆரம்பத்திலேயே மனம் தளர்ந்துவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

முதலாவது, நிறுத்தற்குறிகள். கதையோ செய்தியோ கேட்கும்போது ஒவ்வொரு அடைப்புக்குறியையும் வாசித்தால் எரிச்சலாக இருக்கும். அதனால் வழக்கமான அமைப்பில் ஸ்கிரீன் ரீடர் பல குறிகளைச் சொல்லாமல் தாண்டிவிடும். நிரலிலோ ஒரு குறி விட்டுப்போனாலும் வேலை நின்றுவிடும். இன்செர்ட்டையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தி, எல்லாக் குறிகளையும் வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பிறகு 'பாஸ்' என்று அச்சிடச் சொல்லும் ஒரு வரி, "பிரிண்ட் லெஃப்ட் பேரன் கோட் பாஸ் கோட் ரைட் பேரன்" என்று காதில் விழும். கேட்பவருக்குத் தலை சுற்றும். பழகியவருக்கு அது ஒரு சந்தம் போல ஆகிவிடும். கடைசி ரைட் பேரன், அதாவது மூடும் அடைப்புக்குறி, வரவில்லையென்றால் அந்தக் குறை உடனே காதில் உறுத்தும்.

இரண்டாவது, உள்தள்ளல். பைத்தானில் ஒரு நிபந்தனைக்குள் வரும் வரிகளை வழக்கமாக நான்கு இடைவெளி உள்ளே தள்ளி எழுதுவார்கள். எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதை அந்தத் தள்ளல்தான் தீர்மானிக்கிறது. பார்க்கிறவர் கண் அதை ஒரு நொடியில் பிடித்துவிடும். காதுக்கோ வெற்றிடம் கேட்காது. என்விடிஏயில் வரியின் உள்தள்ளலை அறிவிக்கும்படி அமைத்தால், அது மாறுகிற இடத்தில் "ஃபோர் ஸ்பேஸ்" என்று குரல் சொல்லும். பேச்சு வேண்டாம் என்றால் ஒலியாக வைத்துக்கொள்ளலாம், உள்ளே போகப் போகச் சுருதி ஏறும். உள்தள்ளல் இருப்பதால் பைத்தான் பார்வையில்லாதவருக்கு ஆகாது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்பமாட்டேன். நெளிவு அடைப்புக்குறிகளால் பகுதி பிரிக்கும் மொழிகளில், கடைசியில் வரிசையாக "ரைட் பிரேஸ், ரைட் பிரேஸ், ரைட் பிரேஸ்" என்று கேட்கும்போது எது எதை மூடுகிறது என்று கண்டுபிடிப்பது அதைவிடச் சிரமம். குறிகளைக் குறைத்து, பகுதி முடிகிற இடத்தில் ஒரு சொல்லைப் போடுகிற குவோரம் என்ற மொழியும் இருக்கிறது. ஆண்ட்ரியாஸ் ஸ்டெஃபிக் உருவாக்கியது. சிறு பிள்ளைகளுக்கு நல்ல தொடக்கம்.

இனி உண்மையான வித்தியாசத்துக்கு வருவோம். பார்க்கிறவருக்கு ஒரே பார்வையில் முப்பது நாற்பது வரிகள் கிடைக்கும். ஸ்கிரீன் ரீடரில் கேட்பவருக்கு ஒரு நேரத்தில் ஒரு வரிதான். முழு அமைப்பையும் மனதுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் நீளமான ஒரே நிரலாக எழுதாமல், பொருள் விளங்கும் பெயர் வைத்த சிறுசிறு ஃபங்ஷன்களாகப் பிரித்து எழுதுகிற பழக்கம் சீக்கிரமே வந்துவிடுகிறது. எந்த ஆசிரியரும் எல்லா மாணவரிடமும் எதிர்பார்க்கிற பழக்கம்தான் இது.

தேடுவதற்குக் கருவிகள் இருக்கின்றன. விஎஸ் கோட் எடிட்டரில் கண்ட்ரோலும் ஜியும் அழுத்தி வரி எண்ணைக் கொடுத்தால் நேரே அங்கே போய் நிற்கலாம். எஃப்8 அழுத்தினால் அடுத்த பிழைக்குத் தாவும். பிழையுள்ள வரியில் கர்சர் வந்தவுடன் ஒரு தனி ஒலி கேட்கும்படியும் வைத்துக்கொள்ளலாம். பைத்தான் பிழை காட்டும்போது வரி எண்ணையும் காரணத்தையும் எழுத்திலேயே தந்துவிடுகிறது. வரி 14 என்று காதில் விழுந்தால் அடுத்த நொடியில் அந்த மாணவி 14ஆம் வரியில் இருப்பாள்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அனுபவமுள்ளவர்கள் வைத்திருக்கும் வேகத்தில் ஸ்கிரீன் ரீடர் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு சொல்லும் புரியாது. என்விடிஏயோடு வருகிற இஸ்பீக் குரல் இயந்திரத்தனமானதுதான். ஆனால் மிக விரைவாக ஓடவிட்டாலும் எழுத்து தெளிவாக நிற்கும் என்பதால் பலர் அதையே வைத்துக்கொள்கிறார்கள். அதில் தமிழும் உண்டு. பாடத்தைத் தமிழ்க் குரலிலும் நிரலை ஆங்கிலக் குரலிலும் கேட்பது வசதி என்பது என் அபிப்பிராயம்.

இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கிற ஒருவர் டி.வி. ராமன். புனேயைச் சேர்ந்தவர், கிளாகோமாவால் 14 வயதில் பார்வையை இழந்தவர். ஐஐடி பம்பாயில் படித்து, 1994இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கணிதச் சமன்பாடுகளை ஒலியாக வாசிக்கும் முறைதான் ஆய்வு. 1995இல் ஈமேக்ஸ்பீக் என்ற மென்பொருளை வெளியிட்டார். திரையில் இருப்பதை அப்படியே ஒப்பிப்பதோடு அது நிற்கவில்லை. எடிட்டர்கள் பார்க்கிறவருக்காகக் கட்டளைச் சொல்லை ஒரு நிறத்திலும் விளக்கக் குறிப்பை வேறொரு நிறத்திலும் காட்டுமல்லவா? ராமன் அந்த நிறங்களின் இடத்தில் குரல்களை வைத்தார். குறிப்பு ஒரு குரலில், கட்டளைச் சொல் வேறு குரலில். கண்ணுக்காகச் செய்ததைக் காதுக்கு மொழிபெயர்க்காமல், காதுக்கென்றே யோசித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது.

அப்படியானால் சிரமமே இல்லையா? இருக்கிறது. இணையப் பக்கத்தின் நிறமும் அழகும் சரியாக வந்திருக்கிறதா என்று பார்வையுள்ள ஒருவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இழுத்துப் போட்டு அடுக்குகிற பிளாக் விளையாட்டுகளும் படமாகவே இருக்கிற ஃப்ளோசார்ட்டும் தடைதான். ஆனால் பெரிய தடை வகுப்பறையில் இருக்கிறது. "இதோ பாருங்க, இதுக்குப் பக்கத்துல இதைப் போடணும்" என்று பலகையைத் தொட்டுக் காட்டும் பாடத்தில் அந்த மாணவிக்கு ஒன்றும் கிடைக்காது. பலகையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டாலும் அதே கதிதான். ஸ்கிரீன் ரீடர் அதை "இமேஜ்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும்.

தேர்வில் நடப்பது இன்னும் வருத்தம். நாளெல்லாம் கீபோர்டில் எழுதிப் பழகிய மாணவி, தேர்வில் மட்டும் நிரல் தெரியாத ஒரு ஸ்கிரைபிடம் (சொல்லச் சொல்ல எழுதித் தருபவர்) அடைப்புக்குறி அடைப்புக்குறியாகச் சொல்லி எழுதவைக்க வேண்டியிருக்கிறது. மத்திய அரசு 2018இல் வெளியிட்ட தேர்வு வழிகாட்டு நெறிமுறைகள், இயன்றவரை கணினியில் எழுதும் வாய்ப்பையும் தேர்வரிடமே விடச் சொல்லியிருந்தன. ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தரவும் சொல்லியிருந்தன. இப்போதைய விதி என்ன என்று கல்லூரி அலுவலகத்தில் தயங்காமல் கேளுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளைய லேப் வகுப்புக்கான நிரலை எழுத்துக் கோப்பாக முந்தின நாளே அனுப்பிவிடுங்கள். பலகையில் எழுதும் ஒவ்வொரு வரியையும் குறிகளோடு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள்.