இருக்கை வந்தது, ஏற்றம் எப்போது?

கடை திறந்தது முதல் கதவடைக்கும் வரை நின்றே தேய்ந்த கால்களுக்கு, 2021-ஆம் ஆண்டில் தமிழகச் சட்டமன்றம் இருக்கை தந்தது. 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் வந்த அத்திருத்தத்தை நாம் போற்றுகிறோம். உட்கார இடம் கிடைத்தது. உயர வழி கிடைத்ததா?

பட்டின் தரத்தைத் தொட்டே சொல்லும் விரல், வந்தவர் மனமறிந்து பேசும் நா - இவை திறமையல்லவா? பத்தாண்டு உழைத்தவரும் அடுத்த கடைப் படியேறினால் புதியவராமே! என்னே கொடுமை!

மத்திய அரசு 2015-இல் தொடங்கிய திறன் திட்டம், அனுபவத்திற்கும் சான்றளிக்க வகைசெய்தது. ஆனால் சான்றுத்தாள் சோறு போடுமா?

ஆகவே நாம் கேட்கிறோம்: வேலை நேரத்திலேயே பயிற்சி தருக! தேர்ந்தவர்க்குச் சான்று தருக! அச்சான்றுக்கேற்ற ஊதியத்தைச் சட்டமாக்குக! இது சலுகையன்று, உழைப்பின் உரிமை!