கண்ணாடி மெருகுக்குக் கூடுதல் விலை: நினைவு நாணயம் சேமிப்பாகுமா?

புது தில்லி: நாடாளுமன்றத்தின் புதிய கட்டடம் 2023 மே 28-ஆம் தேதி திறக்கப்பட்டபோது, 75 ரூபாய் நினைவு நாணயம் ஒன்றையும் பிரதமர் நரேந்திர மோடி வெளியிட்டார். ஒருபுறம் அசோகத் தூணின் சிங்கமுகம். மறுபுறம் நாடாளுமன்ற வளாகம். இது கடைவீதியில் சில்லறையாகப் புழங்கும் நாணயம் அன்று. நிதி அமைச்சகத்தின் கீழ் மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய இடங்களில் இயங்கும் அரசு நாணயச் சாலைகள், இத்தகைய வெள்ளி நாணயங்களை முகமதிப்பைவிடப் பல மடங்கு விலைக்கு விற்கின்றன.

இவற்றில் பலவும் இரு தரங்களில் வருகின்றன. ஒன்று, "புரூஃப்' எனப்படும் உயர்தரம், மற்றொன்று, புழக்கத்துக்கு விடப்படாத சாதாரணத் தரம். முன்னதற்கு விலை கூடுதல். வெள்ளியில் சேமிப்பதாக எண்ணி வாங்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு அந்தக் கூடுதல் தொகை திரும்பி வருமா என்பதே கேள்வி.

மெருகு வேறு, உலோகம் ஒன்று

மெருகேற்றிய அச்சுகளைக் கொண்டு, மெருகேற்றிய தகட்டின்மீது ஒருமுறைக்கு மேல் அழுத்தி உருவாக்கப்படுவது புரூஃப் நாணயம். அதன் பரப்பு கண்ணாடிபோல் ஒளிரும்; உருவங்கள் பனி படர்ந்தாற்போல் வெண்மையாகத் தெரியும். ஆனால், உலோகத்தில் வேறுபாடு இல்லை. 75 ரூபாய் நாணயத்தின் எடை 35 கிராம். அதில் வெள்ளி 50 சதவீதம்; எஞ்சியவை தாமிரம், நிக்கல், துத்தநாகம். அதாவது, எத்தரமாயினும் வெள்ளி 17.5 கிராம் மட்டுமே.

தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி வெளியான 1,000 ரூபாய் நாணயமும் 35 கிராம்தான். எனினும், அதில் வெள்ளி 80 சதவீதம். அதாவது 28 கிராம். ஆகவே, நாணயத்தின் அளவைப் பார்த்தோ மெருகைப் பார்த்தோ உலோக மதிப்பைக் கணிக்க இயலாது. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிப் பார்த்தால், எஞ்சும் தொகை வேலைப்பாட்டுக்கும் நினைவுக்கும் தருவது என்பது புலப்படும்.

உருக்கினால் சிறை

அமெரிக்க அரசு 1997 முதல் வெளியிட்டுவரும் "ஈகிள்' பிளாட்டினம் நாணயத்தை உலோக மதிப்பின் அடிப்படையில் விற்றுப் பணமாக்கலாம். அங்கே, அம்மதிப்புக்கு மேல் கொடுத்த தொகை மட்டுமே கேள்விக்குரியது. இங்கு நிலைமை வேறு. 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம், "நாணயம்' என்ற சொல்லுக்குள் நினைவு நாணயத்தையும் சேர்க்கிறது. நாணயத்தை உருக்குவோருக்கு 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. சில்லறைகளை உருக்கி விற்போரைத் தடுப்பதற்கான இவ்விதி, வெள்ளி நாணயத்தின் வெள்ளியையும் பூட்டி வைத்துவிடுகிறது.

முகமதிப்பு அல்லாத விலைக்கு விற்கும் நோக்கில், நியாயமான தேவைக்கு மிக அதிகமாக நாணயங்களை வைத்திருப்பதையும் அதே சட்டம் தடுக்கிறது. அரசே முகமதிப்பைத் தாண்டி விற்கும் நாணயத்துக்கும் இவ்வாசகம் பொருந்துவது முரண்பாடே.

70 புள்ளி மயக்கம்

தனியார் தரநிர்ணய நிறுவனங்கள் நாணயங்களுக்கு 1 முதல் 70 வரை புள்ளி தருகின்றன. 5 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் குறை தெரியாததே 70 புள்ளி நாணயம். 69-க்கும் 70-க்கும் உள்ள வேறுபாடு வெறுங்கண்ணுக்குத் தெரிவது அரிது. அந்த ஒரு புள்ளிக்கான விலையைத் தருபவர் மற்றொரு சேகரிப்பாளர் மட்டுமே, நகைக்கடைக்காரர் அல்லர். பழைய நாணயங்களை வாங்குவதாகவும் விற்பதாகவும் கூறும் மோசடிகள் குறித்து ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்ததையும் மறத்தல் ஆகாது.

பேரனுக்குக் காட்டி மகிழ விரும்புவோர் புரூஃப் நாணயத்தைத் தாராளமாக வாங்கலாம். அந்த அழகுக்கு அவ்விலை தகும். மகளின் திருமணத்துக்கு வெள்ளி சேர்ப்போருக்கு உரியது முத்திரை பெற்ற வெள்ளிக் கட்டியே. இந்த வேறுபாட்டையும் உருக்கத் தடை இருப்பதையும் வாங்குவோருக்கு முன்கூட்டியே தெளிவாக உணர்த்துவது, விற்பனையாளராகவும் சட்டம் இயற்றுபவராகவும் உள்ள அரசின் கடமையாகும்.