பறக்கும் நேரமும் பயணியின் உரிமையும்

2025 டிசம்பர் 3 அன்று திருவண்ணாமலை மலையுச்சியில் மகா தீபம் ஏற்றப்பட்டது. பக்தர்கள் ஊர் திரும்ப வேண்டிய அதே நாட்களில் நாட்டின் விமானப் போக்குவரத்து தடுமாறியது. விமானிகளுக்கான புதிய பணிநேர விதிகளுக்கு இண்டிகோ தயாராக இல்லை. டிசம்பர் 5 அன்று மட்டும் அதன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. மற்ற விமானங்களில் கட்டணம் எகிறியது. மறுநாளே மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது: 500 கி.மீ. வரை 7,500 ரூபாய், 1,000 கி.மீ. வரை 12,000, 1,500 வரை 15,000, அதற்கு மேல் 18,000. இரு நகரங்களுக்கு இடையிலான தூரம் அன்று நேரடியாகப் பயணியின் பணப்பையைத் தொட்டது.

தூரத்தைவிட நேரத்துக்கு வலு அதிகம். விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கி, சேருமிடத்தில் போய் நிற்கும்வரை ஆகும் நேரத்தைத் துறையில் பிளாக் டைம் என்பார்கள். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் விதிப்படி, 24 மணி நேரம் முன்பாவது தெரிவிக்காமல் விமானத்தை ரத்து செய்தால், டிக்கெட் பணமோ மாற்று விமானமோ தருவதோடு இழப்பீடும் தர வேண்டும். பிளாக் டைம் ஒரு மணி நேரம் வரை என்றால் 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000. அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது. சென்னை–பெங்களூரு பயணம் ஒரு மணி நேரத்தை ஒட்டியே வருவதால், அட்டவணையில் ஐந்து நிமிடம் கூடினாலும் வரம்பு மாறிவிடும்.

தாமதத்தின்போது தரும் உணவுக்கும் பிளாக் டைம்தான் அளவுகோல். இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும் பயணம் இரண்டு மணி நேரம் தாமதமானால் உணவும் சிற்றுண்டியும் இலவசம். ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். புயல், பாதுகாப்புக் காரணம் போன்றவற்றுக்கு இழப்பீடு கிடையாது.

திருவண்ணாமலைக்கு வருபவர்கள் ஏமாறும் இடம் வேறு. ஹைதராபாத்திலிருந்து சென்னைக்கு ஒன்றேகால் மணி நேரம் என்று பார்த்து, மாலையில் கிரிவலம் தொடங்கிவிடலாம் எனக் கணக்குப் போடுகிறார்கள். ஊரில் விமான நிலையம் இல்லை. சென்னை விமான நிலையத்திலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகச் சுமார் 180 கி.மீ.; பௌர்ணமி நெரிசலில் நான்கு மணி நேரமும் போதாது. புதுச்சேரி விமான நிலையம் அதைவிடப் பக்கம்தான், ஆனால் விமானங்கள் மிகக் குறைவு. விமானம் தாமதமாகி வாடகை காரோ தங்கும் அறையோ வீணானால், டிஜிசிஏ விதியில் அதற்கு இழப்பீடு இல்லை. எனவே பௌர்ணமிக்கு முந்தின நாளே வந்து சேர்வது நல்லது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குழுவாக வருவோருக்கு ஏஜென்டு தன் கைபேசி எண்ணையே கொடுத்து டிக்கெட் எடுத்துவிடுவதுண்டு. முன்பதிவின்போது போதிய தொடர்பு விவரம் தராத பயணிக்கு ரத்து இழப்பீடு தர வேண்டியதில்லை என்று விதியே சொல்கிறது. அவரவர் எண்ணைப் பதியச் சொல்லிக் கேளுங்கள்.

தகராறு வந்தால் போர்டிங் பாஸ், வந்த குறுஞ்செய்தி, உணவுக்கும் அறைக்குமான ரசீது எல்லாவற்றையும் வைத்திருங்கள். முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார். பிறகு அரசின் ஏர்சேவா தளம் அல்லது நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சொந்த மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் அதற்குக் கட்டணம் இல்லை.