கழுநீரில் ஓர் ஆராய்ச்சி



இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையிலுள்ள வன்னியம்பட்டியிலிருந்து ஒரு மாணவி என்னைக் காண வந்தார். மனையியலில் இளநிலைப் பட்டம் பெற்றவர். உணவூட்ட இயலில் ஆராய்ச்சி செய்து முதுநிலைப் பட்டம் பெற வேண்டும் என்பது அவர் விருப்பம். "எதைப் பற்றி ஆராயப் போகிறாய், அம்மா?" என்றேன். "அரிசியும் ஆரோக்கியமும்" என்றார். அது பத்துப் பேருடைய ஆயுட்காலத்துக்கும் போதுமான தலைப்பு!

தேர்வெழுதிப் பெறும் பட்டத்தில் வினாவைப் பிறர் தருவர். ஆராய்ச்சியிலோ வினாவையும் நாமே தேட வேண்டும். அதற்கு உதாரணமாகக் குன்னூர்க் கதையைச் சொன்னேன். 1918-இல் அங்குள்ள பாஸ்டர் நிலையத்தில், ஒரே ஓர் அறையில், இராபர்ட் மக்காரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். கால் மரத்து, நடை தளர்ந்து, இதயமும் சோர்ந்து உயிரைக் கொள்ளும் நோய் அது. அரிசியே உணவாக உள்ளவரைப் பற்றுவது. ஆயினும் வட சர்க்கார் எனப்பட்ட ஆந்திரக் கடற்கரையில் அது மிகுந்திருக்க, அரிசியையே உண்ணும் தமிழ் மாவட்டங்களில் அரிதாக இருந்தது. ஏன்?

இதுவன்றோ வினா! 1935-இல் அங்குத் தலைமை ஏற்ற ஆய்க்ராய்டும் உடனிருந்தோரும் இதனை விரிவாக ஆராய்ந்தனர். ஆந்திரக் கரையினர் உண்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி. நம்மவர் உண்டது புழுங்கல். நெல்லை ஊறவைத்து அவிக்கையில், தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் என்னும் பி1 வைட்டமின் மணியின் உள்ளே புகுந்துவிடுகிறது. பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி தங்குகிறது. நெல் அவித்த நம் பாட்டிமார் வைட்டமின் என்ற சொல்லையே கேட்டதில்லை.

அந்த ஆராய்ச்சிக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. அங்கும், கோவை அவினாசிலிங்கம் நிறுவனத்திலும் இத்துறையில் முதுநிலைப் படிப்பு உண்டு.

உழைப்போ கடினம். ஒரே நெல்லை இரு கூறாக்கி, ஒன்றை அவித்து, மற்றதை அவிக்காது, இரண்டையும் ஒரே அளவு தீட்டிச் சோதிக்க வேண்டும். ஒருமுறை கண்டதை மீண்டும் மீண்டும் கண்டால்தான் முடிவு. ஆய்வுக்கூடத்தோடும் நின்றுவிட இயலாது. அடுப்பங்கரையில் அமர்ந்து, அரிசியை எத்தனை முறை களைகிறார்கள், வடித்த கஞ்சியை யார் குடிக்கிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டும். கேட்டால் மட்டும் போதாது. நாம் வந்திருக்கிறோம் என்பதற்காகவே சிலர் நல்ல பதில் சொல்வார்கள். ஈராண்டு உழைத்தும் எதிர்பார்த்த முடிவு வாராது போகலாம். அதையும் அப்படியே எழுதத்தான் வேண்டும்.

ஒரு வாரம் கழித்து அம்மாணவி தாளொன்றைக் கொணர்ந்தார். பழைய தலைப்பு அடிக்கப்பட்டிருந்தது. அதன்கீழ் ஒரே வரி: "எங்கள் ஊரில் மாட்டுத் தொட்டிக்குப் போகும் கழுநீரில், வீட்டார் இழக்கும் தயமின் எவ்வளவு?"