‘லைட்’னு போட்டிருந்தா லைட்டா எடுத்துக்காதீங்க: டெக்சாஸ் குளிரும் வழுக்குற பாலங்களும்

இந்த எபிசோட் ஒரு வாட்ஸப் மெசேஜ்ல ஆரம்பிக்குது. என் சித்தி பையன் மாஸ்டர்ஸ் முடிச்சுட்டு டல்லாஸ் பக்கம் இப்போதான் வேலைக்குச் சேர்ந்திருக்கான். அவனுக்கு அங்க இது முதல் குளிர்காலம். வெதர் ஆப்போட ஸ்கிரீன்ஷாட் ஒண்ணு அனுப்பிச்சு, "அண்ணா, நாளைக்குக் காலைல லைட் ஃப்ரீசிங் ரெயின்னு போட்டிருக்கு. மைனஸ் ரெண்டுதான். ஆஃபீஸ் போயிடலாம்ல?"னு கேட்டான்.

நான் டைப் பண்ணாம உடனே கால் பண்ணிட்டேன். அவன்கிட்ட அரை மணி நேரம் பேசினதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்க சொல்றேன்.

முதல்ல ஒரு தேதி. 2021 பிப்ரவரி 11, காலை 6 மணி வாக்குல. டல்லாஸுக்குப் பக்கத்துல இருக்குற ஃபோர்ட் வொர்த் நகரத்துல, ஐ-35 வெஸ்ட் நெடுஞ்சாலையோட எக்ஸ்பிரஸ் லேன்ல சுமார் 130 வண்டிங்க ஒண்ணு மேல ஒண்ணு மோதிச்சு. ஆறு பேர் செத்துட்டாங்க. அன்னிக்குப் பெரிய பனிப்புயல் எதுவும் இல்ல. லேசான உறைமழைதான். நீங்க கேள்விப்பட்ட அந்தப் பெரிய டெக்சாஸ் குளிர், கரண்ட் போய் ஊரே இருட்டானது எல்லாம் அதுக்கப்புறம் வந்தது. டல்லாஸ் ஏர்போர்ட்ல மைனஸ் 2 ஃபாரன்ஹீட், அதாவது கிட்டத்தட்ட மைனஸ் 19 செல்சியஸ் பதிவானது பிப்ரவரி 16-ல. அஞ்சு நாள் கழிச்சு! ஆறு பேரைக் கொன்ன காலை அந்த வாரத்தோட ரொம்பக் குளிரான காலை இல்ல.

இதுல இன்னொரு வேடிக்கை. 2020 அக்டோபர்ல அமெரிக்க வானிலை மையம் அந்தக் குளிர்காலத்துக்கான அவுட்லுக் வெளியிட்டாங்க. லா நினா வருஷம், அதனால தெற்கு மாநிலங்கள்ல வழக்கத்தைவிட வெப்பமா இருக்க வாய்ப்பு அதிகம்னு அதுல இருந்தது. "அப்போ தப்பா சொல்லிட்டாங்களா?"ன்னு கேட்டான் தம்பி. இல்ல. சீசன் அவுட்லுக் மூணு மாச சராசரியைப் பத்திப் பேசுது. வழக்கத்தைவிடக் குளிர், வழக்கம்போல, வழக்கத்தைவிட வெப்பம்னு மூணு பெட்டி வெச்சு, எந்தப் பெட்டிக்கு வாய்ப்பு கூடுதல்னு மட்டும் சொல்லும். தாயக்கட்டையோட ஒரு பக்கத்தைக் கொஞ்சம் கனமாக்குன மாதிரி. குறிப்பிட்ட ஒரு வியாழக்கிழமை காலையில ரோடு எப்படி இருக்கும்னு அதுல தேடக்கூடாது. 'இந்த வருஷம் வின்ட்டர் மைல்டுதான்'னு ஆஃபீஸ் கேன்டீன்ல யாராவது சொன்னா, சரின்னு கேட்டுட்டு வண்டி விஷயத்துல அதை மறந்துடுங்க.

சரி, உறைமழைன்னா என்ன? மேல மேகத்துல பனியா கிளம்புது. வழியில ஒரு வெதுவெதுப்பான காற்று அடுக்கு வருது, அதுல உருகித் தண்ணியாகுது. தரைக்குப் பக்கத்துல மறுபடி பூஜ்யத்துக்குக் கீழே இருக்குற ஒரு மெல்லிய குளிர் அடுக்கு. அந்த அடுக்கு தடிமனா இருந்தா துளி திரும்ப உறைஞ்சு, ஸ்லீட்னு சொல்ற குட்டிக் குட்டி ஐஸ் மணியா விழும். மெல்லிசா இருந்தா உறைய நேரம் கிடைக்காது. பூஜ்யத்துக்குக் கீழே போயும் தண்ணியாவே இருக்கும். கீழ ரோடு, கம்பி, கார் கண்ணாடின்னு எதைத் தொட்டாலும் அங்கேயே உறைஞ்சு கண்ணாடி மாதிரி ஒட்டிக்கும். டெக்சாஸ் இதுக்குன்னே அமைஞ்ச இடம். வடக்குல கனடாலேர்ந்து வர்ற குளிர்காற்றைத் தடுக்கக் குறுக்க மலை கிடையாது, சமவெளியில தரையை ஒட்டியே சறுக்கிட்டு வரும். தெற்குல மெக்சிகோ வளைகுடாவோட ஈரமான வெதுவெதுப்பான காற்று அது மேல ஏறும். தோசை மேல தோசை போட்ட மாதிரி ரெண்டு அடுக்கு.

இப்போ அந்த 'லைட்'ங்கிற வார்த்தை. அது மழையோட அளவைச் சொல்லுது. ஆபத்தோட அளவை இல்ல. ஐஸ் ஸ்டார்ம் வார்னிங் விடுறதுக்குப் பல ஊர்ல கால் அங்குல ஐஸ், அதாவது 6 மில்லிமீட்டர் படியணும்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. மரக்கிளை முறியுறதும் மின்கம்பி அறுந்து விழுறதும் அந்த மாதிரி எடையிலதான். அதுக்குக் கீழன்னா 'அட்வைசரி'யோட நின்னுடும். பேரைக் கேட்டா என்னமோ அன்பான அறிவுரை மாதிரி இருக்கு. ஆனா டயருக்கு 6 மில்லிமீட்டர் எதுக்கு? ஒரு பேப்பர் கனத்துக்குப் படலம் இருந்தாப் போதும்.

நம்ம இன்ஜினியரிங் மூளைக்கு ஒரு கணக்கு. பிரேக் அடிச்சதுக்கப்புறம் கார் நிக்கிற தூரம் வேகத்தோட வர்க்கத்தைப் பொறுத்தது, உராய்வுக்குத் தலைகீழ். காய்ஞ்ச தார் ரோட்டுல உராய்வுக் குணகம் சுமார் 0.7. ஐஸ்ல 0.1-னு வெச்சுக்கலாம். மணிக்கு 100 கிலோமீட்டர்ல போறப்போ காய்ஞ்ச ரோட்டுல ஏறத்தாழ 56 மீட்டர்ல நிப்பீங்க. ஐஸ்ல 390 மீட்டருக்கு மேல. வேகத்தைப் பாதியாக்கி 50-ல போனாக்கூட 98 மீட்டர். நீங்க கால் வைக்க யோசிக்கிற நேரம் இதுல சேரல. இந்த ஒரு கணக்கைச் சொன்னதும்தான் தம்பி "சரிண்ணா"ன்னு கொஞ்சம் அமைதியானான்.

மைனஸ் ரெண்டுதானேன்னு அவன் கேட்டதுக்கும் பதில் சொல்லணும். உள்ளுணர்வுக்கு எதிரா இருக்கும், ஆனா பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருக்குற ஐஸ்தான் ரொம்ப மோசம். ஐஸோட மேற்பரப்புல இருக்குற மூலக்கூறுங்க முழுசா இறுகாம, தண்ணி மாதிரி ஒரு மெல்லிய படலமா இருக்கும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க அந்தப் படலம் தடிக்கும், டயர் தேய்க்கிற சூட்டுல இன்னும் கொஞ்சம் உருகும். ஐஸ் மேல தண்ணி. மைனஸ் 20-ல இருக்குற ஐஸ் அதைவிடக் கொஞ்சம் பிடிப்பு குடுக்கும்.

அப்புறம் அந்த மைனஸ் ரெண்டு எங்க அளந்தது? தரையிலேர்ந்து ஆள் உயரத்துல, காத்துல. ரோடோட வெப்பநிலை வேற. மண்ணு மேல கிடக்குற ரோடுக்கு அடியிலேர்ந்து கொஞ்சம் சூடு ஏறிட்டே இருக்கும். பாலத்துக்கு அந்த பேக்கப் கிடையாது, மேலயும் கீழயும் குளிர்காற்றுதான். அதனால ரோடு வெறும் ஈரமா இருக்குறப்பவே பாலம் உறைஞ்சிருக்கும். டல்லாஸைச் சுத்திப் பார்த்தீங்கன்னா ஃப்ளைஓவர் மேல ஃப்ளைஓவர், அஞ்சு மாடி உயரத்துக்கெல்லாம் போகுது.

ஃபோர்ட் வொர்த் விபத்தை விசாரிச்ச தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் இங்கதான் வந்து நின்னாங்க. ரெண்டு நாள் முன்னாடியே அந்த லேன்ல உப்புக் கரைசல் அடிச்சிருக்காங்க. உப்பு, தண்ணியோட உறைநிலையைக் கீழ இறக்கும், அவ்வளவுதான். மழை பெய்யப் பெய்யக் கரைசல் நீர்த்துப் போகும், வண்டி ஓட ஓட வழிச்சுட்டுப் போயிடும். தூண் மேல உயர்ந்து போற அந்தப் பகுதியில நிலைமை மோசமானதைச் சாலைக் கண்காணிப்பு முறை கண்டுபிடிக்கலன்னு வாரியம் சொல்லுச்சு. ரெண்டு பக்கமும் கான்கிரீட் தடுப்பு. ஒதுங்க இடமே இல்ல.

என் கதையையும் சொல்லிடுறேன், தம்பிகிட்ட மட்டும் உபதேசம் பண்ணா நல்லா இருக்காது. 2023 ஜனவரி கடைசியில டல்லாஸ் பக்கம் மூணு நாள் ஐஸ். நான் அப்போ ப்ளேனோல ஆன்சைட். ரெண்டு நாள் வீட்டுல உட்கார்ந்து போரடிச்சு, மூணாவது நாள் கரைஞ்சிருக்கும்னு பால் வாங்கக் கிளம்பினேன். ரோடு ஈரமாத்தான் தெரிஞ்சுது. நமக்கு வடபழனி மழையில ஓட்டிப் பழகின கை, ஈரம்னா பயமே கிடையாது. ஒரு சின்ன மேம்பாலத்துல இறங்குறப்போ, மணிக்கு 25 கிலோமீட்டர்கூட இருக்காது, பிரேக்கைத் தொட்டேன். காலுக்கு அடியில ஏபிஎஸ் கடகடன்னு அதிருது, ஸ்டியரிங் திருப்புறேன், கார் பாட்டுக்கு நேரா போகுது. ஓரத்துல இருந்த கட்டையில இடிச்சு நின்னுச்சு. பின்னாடி ஒரு வண்டி வந்திருந்தா இந்தப் பாட்காஸ்டே இல்ல. அன்னிக்கு ஒண்ணு நான் கவனிக்கல. முன்னாடி போன காரோட டயர்லேர்ந்து தண்ணி தெறிக்கல. ரோடு ஈரமாத் தெரிஞ்சும் தெறிப்பு இல்லன்னா, அது தண்ணி இல்லைங்க.

தம்பி அடுத்துக் கேட்டது, "என் ஃபிரெண்டோடது ஆல் வீல் டிரைவ், அதுல போனா?" ஆல் வீல் டிரைவ் கிளம்பத்தான் உதவும். நிக்கிறதுக்கு எல்லாக் கார்லயும் நாலு டயர்தான் இருக்கு. டெக்சாஸ்ல யாரும் வின்ட்டர் டயர் மாட்டுறதும் இல்ல.

போயே ஆகணும்னா, ஹாஸ்பிடல் ஷிஃப்ட் மாதிரி வேலையில இருக்குறவங்களுக்கு அந்த சாய்ஸ் கிடையாது, மாநிலப் போக்குவரத்துத் துறையோட டிரைவ் டெக்சாஸ் மேப்பைப் பாருங்க, ஐஸ் இருக்குற இடம் அதுல தெரியும். மேம்பாலத்தைத் தவிர்த்து, கீழ போற சர்வீஸ் ரோட்ல போங்க. க்ரூஸ் கன்ட்ரோல் வேண்டாம். பாலம் வர்றதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைங்க, பாலத்து மேல பிரேக்கோ திடீர் திருப்பமோ வேண்டாம். சறுக்க ஆரம்பிச்சா ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்துட்டு, போக வேண்டிய திசையைப் பார்த்து மெதுவா ஸ்டியரிங்கைத் திருப்புங்க. முன்னாடி விபத்து ஆகி நிக்கிறீங்கன்னா, வண்டியை விட்டு இறங்கி லேன்ல மட்டும் நிக்காதீங்க. பின்னாடி வர்றவனாலயும் நிறுத்த முடியாது.

தம்பி மேனேஜருக்கு மெயில் போட்டுட்டான். டீம்ல பாதிப் பேர் ஏற்கெனவே போட்டிருந்தாங்களாம். அந்த 2021 குளிர்ல டெக்சாஸ்ல 246 பேர் இறந்தாங்கன்னு மாநில சுகாதாரத் துறை கணக்கு. அதுல பெரும்பாலானவங்க ரோட்டு விபத்துல இல்ல, குளிர் தாங்காமதான். கிரிட் எப்படி விழுந்துச்சுன்னு அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.